சரியாக இருந்த எண்

சரிபார்க்கும் மேசையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் நான்கு பேருக்கு இதை எழுதுகிறேன். உங்களில் இருவரை எனக்குத் தெரியும். விராலிமலையிலிருந்து வருகிறவரையும் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிறவரையும் தெரியாது. நான் ஓய்வுபெற்ற பிறகு சேர்ந்தவர்கள்.

மென்பொருளைப் பற்றி இதில் எதுவும் இருக்காது. நான் இருந்த காலத்திலேயே அது மூன்று முறை மாறிவிட்டது. மாறாமல் இருந்தது ஒரே கேள்விதான்: முன்னால் இருக்கும் தாளை நம்பலாமா, கூடாதா? நம்பாமல் இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதை ஒழுங்காகச் செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஐரோப்பாவில் இசை எழுதுகிறவர்கள் பலர் இப்போதும் கையால்தான் எழுதுகிறார்கள். ஐந்து கோடுகள், அவற்றின் மேல் புள்ளிகள். அந்தத் தாள்களைப் பதிப்பகத்தார் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாம் கணினியில் அடித்து, சரிபார்த்து, அச்சுக்குத் தயாராக்கித் திருப்பி அனுப்புவோம். கீழ ராஜ வீதியில் மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே, மாடியில் இது நடக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் நம்பியிருக்கமாட்டேன்.

நம்மில் யாருக்கும் அந்த இசையை வாசிக்கத் தெரியாது. நமக்கு அது வடிவம். இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ளதைக் கட்டம் என்கிறோம். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரி. கட்டத்துக்குள் எத்தனை புள்ளி, எந்தக் கோட்டில், மேலே என்ன குறி. இவ்வளவுதான். சந்தேகம் வந்தால் கேள்விச் சீட்டு. பக்கம், கட்டம், வரி, கேள்வி என்று நான்கு இடம். பதிலுக்கு இரண்டு பெட்டி: மாற்றுக, இருக்கட்டும். பக்கத்தில் இரண்டு சொல் எழுத ஒரு சின்ன இடம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிட ஆறு வயது இளையவர். பிறகு கணவரோடு மஸ்கட் போய்விட்டார். பெயர் வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கிறார். முதல் நாளே அவர் சொன்னது: “சந்தேகப்படுறதுக்கு ஒரு வரிசை இருக்குங்க. முதல்ல உங்க கண்ணு. அப்புறம் நம்ம ஆபீசு. அப்புறம் ஸ்கேன். எழுதுனவரு கடைசி.” நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்தேன். வருடாவருடம் புது நாட்குறிப்பு வாங்கும்போதெல்லாம் முதல் வேலையாக இதைப் பெயர்த்து எழுதுவேன். வரிசை சரியானது. அதை எப்படிக் கேட்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் சொல்லப்போவது போலந்து நாட்டு இசையமைப்பாளர் ஒருவருடைய கடைசித் தாள்களைப் பற்றி. ஒப்பந்தப்படி அவர் பெயரை வெளியே எழுதக்கூடாது. ஆபீசில் அவரைப் பெரியவர் என்போம். பதினோரு வருடம் அவருடைய தாள்கள் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போயின. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் பேனா எந்தப் பக்கம் சாயும், எந்த இடத்தில் தயங்கும், எங்கே மை தீரும் என்பதெல்லாம் தெரியும்.

அவர் வாழ்க்கையும் எனக்குத் தாள்களில்தான் தெரிந்தது. இளம் வயதில் எழுதியவற்றை மறுபதிப்புக்காக அடித்தபோது, புள்ளிகளுக்குப் பின்னால் நிழலாக வேறு கட்டங்கள் தெரிந்தன. அழுக்கு என்று நினைத்தேன். உற்றுப் பார்த்தால், ரயில் வரும் நேரம் குறிக்கும் படிவம். படிவத்தின் பின்பக்கத்தில் இசை எழுதியிருக்கிறார். அப்பா ரயில்வே கேட் கீப்பர் என்று பின்னால் வந்த ஒரு முன்னுரையில் இருந்தது. இன்னொரு முன்னுரையில், சில வருடங்கள் அவருடைய இசை அவர் நாட்டில் எங்கும் வாசிக்கப்படவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். காரணம் எழுதவில்லை. அந்த வருடங்களின் தாள்களில் ஓரம்கூட விடாமல், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். யாரும் வாசிக்காததை இவ்வளவு நெருக்கி எழுத என்ன அவசரம் என்று அப்போது தோன்றியது. அவர் மனைவி இறந்த மாதங்களில் என் சீட்டுகளுக்குப் பெட்டியில் ஒரு கோடு மட்டும் வந்தது, சொல் வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் சொல் வரும்.

அந்தச் சொற்களுக்காகவே நான் சில கேள்விகளை விடாமல் அனுப்பியிருக்கிறேன். ஆரம்ப காலத்தில், ஒரு பக்கத்தில் ஏழு புள்ளிகளைக் கூடுதலாகச் சேர்த்து அடித்து அனுப்பிவிட்டோம். திரும்பி வந்த தாளில் ஏழையும் வட்டமிட்டு, “இவை ஏழும் காபி” என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்துதான் ஸ்கேனை முதலில் சுத்தம் செய்வது என்ற வழக்கம் வந்தது. கறை, தூசி எல்லாவற்றையும் ஒருவர் கணினியில் அழித்துவிட்டு அச்செடுத்துத் தருவார். நாம் அந்த அச்சை வைத்துத்தான் சரிபார்ப்போம்.

பெரியவருக்கு ஒரு பிழை உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரை எத்தனை கட்டம் ஆயிற்று என்று எண் போடுவார். ஒரு கட்டம் பாதியில் நின்று அடுத்த பக்கத்தில் தொடர்ந்தால் அதை இரண்டாக எண்ணிவிடுவார். அதனால் எண் எப்போதும் கூடுதலாக இருக்கும். பதினோரு வருடத்தில் ஒரு படைப்பில்கூட அவர் சரியாக எண்ணியதில்லை. ஒவ்வொரு முறையும் நான் சீட்டு அனுப்புவேன். ஒவ்வொரு முறையும் ‘மாற்றுக’ என்று வரும். ஒருமுறை பக்கத்தில், “மறுபடியுமா?” என்று எழுதியிருந்தார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பெரியவர் படுத்துவிட்டார் என்று பதிப்பகத்திலிருந்து தகவல் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்தது நான்கு தந்தி வாத்தியங்களுக்கான ஒரு படைப்பு. முப்பத்தாறு பக்கங்களும் ஒன்றாக வந்தன. முதல் முப்பது பக்கம் அவர் கை. நடுக்கம் அதிகம், புள்ளிகள் பெரிதாக இருந்தன. மீதி ஆறு பக்கம் வேறு கை. நிமிர்ந்த, சின்ன எழுத்து. அவருக்குக் கை ஓடவில்லை, கடைசிப் பக்கங்கள் வேறொருவர் எழுதிய நகல் என்று மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. அதில் விசேஷம் எதுவும் இல்லை. நகல் எழுதித் தருகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமைக்குள் வேண்டும், வாசிக்கப்போகிற நால்வரும் காத்திருக்கிறார்கள் என்று இன்னொரு வரி.

முப்பதாம் பக்கத்தின் அடியில் 344 என்று இருந்தது. நான் எண்ணியபோது 341. மூன்று கூடுதல். வழக்கம்தான். முப்பத்தோராம் பக்கத்தில் பதினோரு கட்டங்கள். அவர் கணக்குப்படி 355 வரவேண்டும். 352 என்று இருந்தது.

அது சரியான எண்.

மீதி ஐந்து பக்கங்களையும் எண்ணினேன். எல்லாம் சரி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். நகல் எழுதுகிறவர் பிழையையும் சேர்த்துத்தான் நகல் எடுப்பார். அதுதான் அந்த வேலை. அப்படியானால் எண்ணை யாரோ திருத்தியிருக்கிறார்கள். எண்ணைத் திருத்தியவர் புள்ளியைத் திருத்தமாட்டாரா?

முதலில் என் கண். இரண்டாம் முறை எண்ணினேன். சரி. அடுத்தது ஆபீசு.

ஸ்கேனைச் சுத்தம் செய்தது கோமதி. கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். அப்போது இருபத்தாறு வயது. வேலை சுத்தம், அதில்தான் எனக்குச் சந்தேகம். ஒருமுறை ஒரு முன்னுரையில் எழுத்துப்பிழை ஒன்றைச் சீட்டு இல்லாமல் திருத்திவிட்டாள். தப்பான திருத்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் செய்தது. சொல்லாமல் மாற்றினால் வேலை போய்விடும் என்பது ஆபீசு விதி. அவளுக்கு முன்னால் ஒருவர் அப்படிப் போயிருக்கிறார்.

மேசையிலிருந்தே கூப்பிட்டேன். ஒன்பது பேர் இருந்தார்கள்.

“கோமதி, இந்த நம்பரை யாரு மாத்துனது?”

“எந்த நம்பருக்கா?”

“அடியில இருக்குறது. முப்பத்தொண்ணுலேருந்து.”

வந்து பார்த்தாள். “நான் தொடலக்கா. கறையைத்தான் அழிச்சேன்.”

“பெரியவர் பதினோரு வருஷமா சரியா எண்ணுனதே இல்ல. இப்ப மட்டும் எண்ணிட்டாரா?”

பின்னால் இருந்த செந்தில், “கணக்கு டியூஷன் போயிருப்பாருக்கா” என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கோமதி சிரிக்கவில்லை. “தப்பா இருந்தா திட்டுவாங்க. சரியா இருக்குறதுக்குத் திட்டு வாங்குறது நான் ஒருத்திதான்.”

“முன்னுரையில மாத்துனவ நீதானே?”

“அது ஒரு எழுத்துக்கா. நானே வந்து சொன்னேன்ல.”

“மாத்துன பெறகு சொன்ன.”

அவள் திரும்பிப் போய் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மவுஸின் மேல் இருந்தது, அசையவில்லை.

மூல ஸ்கேனைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது முதலாளியின் மடிக்கணினியில் இருந்தது. அவர் மாமனாரின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் திருச்சி போயிருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். பொறுத்திருக்கலாம். நான் பொறுக்கவில்லை. அன்று மாலை நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: “கோமதி எண்களைத் திருத்தியிருக்கிறாள். ஒப்புக்கொள்ளவில்லை.” முதல் வாக்கியத்தில் ‘போலும்’ என்ற சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் எழுதியதில் அப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் சீட்டு அனுப்பியிருப்பேன்.

சனிக்கிழமை கோமதி வரவில்லை. போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். பின்னால் முந்திரிக்கொட்டை உடைக்கும் சத்தம்.

“ஆபீசுலேருந்து பேசுறேங்க. கோமதி இருக்காளா?”

“காய்ச்சலுங்க.”

“எவ்வளவு காய்ச்சல்?”

“அது தெரியலீங்க. காய்ச்சல்னு சொல்லச் சொன்னா.”

திங்கட்கிழமை முதலாளி வந்ததும் மூல ஸ்கேனைத் திறக்கச் சொன்னேன். கோமதியும் வந்திருந்தாள். சாப்பாட்டுப் பையை இன்னும் கீழே வைக்கவில்லை, வாசலிலேயே நின்றாள்.

352. மூலத்திலும் அதுதான்.

“என்ன மேடம், அப்படியேதானே இருக்கு?” என்றார் முதலாளி. “கோமதி மேல ஒண்ணும் இல்லையே.”

“இல்லீங்க சார்.”

நான் கோமதியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் மனம் அதற்குள் வரிசையில் அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. ஆபீசு இல்லை, ஸ்கேன் இல்லை என்றால் அந்த ஆறு பக்கம்தான். “சரி, முப்பத்தொண்ணை எடுத்து அடி” என்றேன். அவள் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். நகல் எழுதியவர் வெறும் நகல்காரர் இல்லை. முதல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்திருக்கிறார். அது பெரியவர் செய்கிற காரியம் இல்லை. ஆறு பக்கத்தையும் வேறு யாரோ எழுதி, அவர் பெயரில் அனுப்புகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “மேடம், ஆளு கடைசிக் காலத்துல கெடக்காரு. மக எழுதுனாளோ மாப்பிள்ளை எழுதுனானோ. அவுங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு நம்ம எதுக்கு?”

“நம்ம அடிச்சா அது அவரோடதுன்னு ஆயிரும் சார்.”

“சரி, நீங்க கேக்குறீங்க. அவரோடதுதான்னு வந்துருச்சுன்னு வைங்க. ஏங்க, எங்களைத் திருடன்னு நெனச்சீங்களான்னு கேப்பாங்களா மாட்டாங்களா? அடுத்த வேலை நமக்கு வருமா?”

பத்துப் பேர் அந்த வேலையில் சாப்பிடுகிறோம். மறுபக்கம், பதினோரு வருடம் எனக்குப் பதில் எழுதிய ஒருவர் கட்டிலில் கிடக்கிறார். அவர் எழுதாத முடிவை அவர் கழுத்தில் கட்டி அனுப்பினால், இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். என்னிடம் இருந்த ஆதாரமோ ஒரே ஒரு சரியான எண்.

செவ்வாய்க்கிழமை சீட்டு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு: “இந்த ஆறு பக்கமும் வேறு யாராவது இயற்றியதா?” கிழித்தேன். இரண்டாவது: “மூலப் பிரதி இருந்தால் அனுப்பவும்.” அதுவும் மிரட்டல்தான், மரியாதையான மிரட்டல். கிழித்தேன். மூன்றாவதை எழுதி முடிப்பதற்குள் கோமதி வந்து நின்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளாக வந்து பேசியது அதுதான் முதல் முறை.

“முப்பத்தஞ்சாம் பக்கம். கட்டம் முந்நூத்தித் தொண்ணூறு. வியோலா வரி” என்றாள். வியோலா என்பது வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியம். “மத்த மூணு பேரும் சும்மா இருக்காங்க. இவரு மட்டும் ஒத்தப் புள்ளி. இதே மாதிரி முன்னாடி ஒண்ணு வந்துச்சுல?”

“எப்ப?”

“நான் சேந்த புதுசுல. ஆனா அதுல குறி விரிஞ்சிருந்துச்சு. இதுல சுருங்குது. எழுதுனவங்க மாத்திப் போட்டுட்டாங்களோ என்னமோ. நான் மாத்தல.”

கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பழைய நாட்குறிப்பை எடுத்தேன். ஆறு வருடத்துக்கு முந்தையது. இருந்தது. வேறொரு படைப்பில், எல்லோரும் ஓய்ந்திருக்கும் இடத்தில் வியோலாவுக்கு மட்டும் எதற்கும் பொருந்தாமல் ஒரு கீழ்ப் புள்ளி. மேலே ஒரு விரியும் குறி, மெதுவாகத் தொடங்கிச் சத்தமாக ஆகவேண்டும் என்பதற்கு. பிழை என்று நினைத்துச் சீட்டு அனுப்பியிருந்தேன். வந்த பதிலையும் குறித்திருந்தேன்: “இருக்கட்டும். அது ரயில்.”

அந்தப் பதில் அச்சில் எங்கும் வரவில்லை. அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும். பதிப்பகத்தில் சீட்டைக் கைமாற்றியவர் பார்த்திருக்கலாம், ஆனால் அவர் நினைவு வைத்திருக்கக் காரணம் இல்லை.

மூன்றாவது வரைவையும் கிழித்தேன். சீட்டில் இரண்டே கேள்விகள் எழுதினேன்.

பக்கம் 31 முதல் 36 வரை. அடியில் உள்ள எண்கள் சரியாக இருக்கின்றன. இருக்கட்டுமா?

பக்கம் 35, கட்டம் 390, வியோலா. ஒற்றைப் புள்ளி, குறி சுருங்குகிறது. இருக்கட்டுமா?

முதலாளி இரண்டு முறை படித்தார். “சரியா இருக்குன்னு ஒரு கேள்வியா?” என்றார். பிறகு, “இதுல யாரும் கோவிச்சுக்க முடியாது” என்று சொல்லி அனுப்பினார்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பதில் வந்தது. இரண்டுக்கும் ‘இருக்கட்டும்’ பெட்டியில் கோடு. கீழே, அந்த நிமிர்ந்த சின்ன எழுத்தில், சீட்டுக்கு வெளியேயும் நீண்டு போகிற அளவுக்கு எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்.

“நான் அவருடைய மகள். நகல் என்று பதிப்பகத்தார் சொன்னது தவறு. மூலம் என்று ஒன்று இல்லை. அப்பாவால் பேனா பிடிக்க முடியவில்லை. படுத்தபடி ஒவ்வொரு வரியாகப் பாடிக் காட்டுகிறார், நான் எழுதுகிறேன், திருப்பிப் பாடிக் காட்டுகிறேன், திட்டுகிறார், திருத்துகிறேன். எண்கள் மட்டும் என்னுடையவை. மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், எண்ணாமல் இருக்க முடியாது. நான் எண்களைப் போடுவதைப் பார்த்துவிட்டு, ‘சரியாகப் போடாதே, அங்கே ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சந்தேகம் வரும்’ என்றார். நான் நம்பவில்லை. இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்குப் பொருள் தெரியாது: முன்பு கேட்டது வந்த ரயில். இது போகிற ரயில்.”

நான் எழுந்துபோய் அந்தப் பழைய படைப்பின் அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். விரியும் குறி. பிறகு கோமதியின் திரையைப் பார்த்தேன். சுருங்கும் குறி. வருகிற ரயிலின் சத்தம் கூடும், போகிறதின் சத்தம் குறையும். கேட் கீப்பர் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சந்தேகம் முழுக்கத் தீர்ந்ததா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மகள் வீட்டில் பழைய சீட்டுகளைப் பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் இட்டுக்கட்டி எழுதியிருக்கலாம். நான் அதையும் யோசித்தேன். ஆனால் பொய் எழுதுகிறவர், தனக்குப் பொருள் தெரியாது என்று எழுதமாட்டார், தெரிந்த மாதிரிதான் எழுதுவார். இந்த மேசையில் அதற்கு மேல் உறுதி கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவரையும் சந்தேகப்படுங்கள்.

வியாழக்கிழமை காலை முப்பத்தாறு பக்கமும் போயின. மதியம் கோமதி அந்தப் பழைய படைப்பைப் போனில் தேடி எடுத்தாள். காதில் வைப்பதில் ஆளுக்கு ஒன்று. அந்த ஒற்றைப் புள்ளிக்காகச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். எங்கள் வேலையை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“வந்துச்சா?” என்றேன்.

“தெரியலக்கா. கீழ பஸ்காரன் ஹாரன் அடிச்சுட்டான்.”

இரண்டாம் முறை போட்டோம். வந்தது. தாளில் ஒரு புள்ளி, காதில் அது தூரத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை கேட்டது தப்பு என்று கோமதியிடம் நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. சோற்றைத் திறந்து சாப்பிட்டுவிட்டு மேசைக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த முப்பத்தாறு பக்கப் படைப்புக்கான முன்னுரை அடிக்க வந்தது. பெரியவர் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, கோட்டுக்கு அப்புறம் இன்னொரு ஆண்டு. புதிதாக ஓர் எண் வந்தால் கேட்கவேண்டும் என்பது விதி. சீட்டு அனுப்பினேன். மகளின் எழுத்தில் பதில் வந்தது. இருக்கட்டும்.

இந்த மேசையில் பிறகும் நான் பல வருடம் இருந்தேன். கோமதி எனக்கு அடுத்த இடத்துக்கு வந்தாள், பிறகு என் இடத்துக்கு வரப்போகிறாள் என்று ஆயிற்று. நாங்கள் நன்றாகத்தான் பழகினோம். அவள் தங்கை கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். அவள் அம்மா எனக்கு ஒரு பை முந்திரி கட்டிக் கொடுத்து, “அன்னைக்குக் காய்ச்சலு எல்லாம் இல்லீங்க” என்று தானாகவே சொன்னார். “தெரியுங்க” என்றேன். ஆனால் கோமதியிடம் மட்டும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதையும் நம்பாதவள் அதை மட்டும் நம்பினேன்.

ஓய்வுபெறுவதற்கு முன் நாட்குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன். அந்த வெள்ளிக்கிழமையின் வாக்கியம் இருந்தது. அதற்கு அடுத்த நாட்களில் எங்கும் திருத்தம் இல்லை. போலந்தில் முகம் தெரியாத ஒருவரைச் சந்தேகப்பட்டபோது மூன்று வரைவு எழுதிக் கிழித்திருக்கிறேன். நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தவளைச் சந்தேகப்பட்டபோது ஒரு வரைவுகூட இல்லை. பெரியவரிடம் ‘இருக்கட்டுமா’ என்று கேட்டேன். கோமதியிடம் ‘யாரு மாத்துனது’ என்று கேட்டேன். சந்தேகம் இரண்டு பேர் மேலும் ஒன்றுதான்.

கடைசி நாளன்று ஒரு கேள்விச் சீட்டை நிரப்பி அவள் மேசையில் வைத்தேன். பக்கம் என்ற இடத்தில் நாட்குறிப்பின் தேதி. வரி என்ற இடத்தில், “கோமதி எண்களைத் திருத்தியிருக்கிறாள்.” கேள்வி என்ற இடத்தில், “என் தப்பு. இருக்கட்டுமா?”

அவள் ‘இருக்கட்டும்’ என்று கோடு போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படித்தானே செய்வார்கள். விடைபெறும் நாள், மாலை, கேசரி எல்லாம் ஆன பிறகு.

மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு தபாலில் அந்தச் சீட்டு வந்தது. ‘மாற்றுக’ பெட்டியில் கோடு போட்டிருந்தாள். பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில், “எல்லாருக்கும் முன்னாடிதானே கேட்டீங்க?”

அவள் சொன்னது சரி. அன்று இருந்த ஒன்பது பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள். அந்த நாற்காலிகளில்தான் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கோமதி உங்கள் தலைமைச் சரிபார்ப்பாளர். அவளைப் பற்றி அந்தக் காலத்துக் கதை ஏதாவது செந்தில் உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கக்கூடும்.

நாட்குறிப்பில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அது என் வீட்டில் இருக்கிறது, யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன். அறிவிப்புப் பலகையில் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஒட்டினாலும் போதும்.

பிழைதிருத்தம். வெள்ளிக்கிழமை, பக்கம் 31 முதல் 36 வரை. கோமதி எதையும் மாற்றவில்லை.